இரண்டு நியூட்டன் மீட்டர் சண்டை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வேகக் கார் வாங்கக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ளவர்களே,

பெரம்பலூரில் டயர் விற்று, வீல் அலைன்மென்ட் பார்த்துப் பிழைப்பவன் நான். உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். அதைவிட நன்றாக உங்கள் டயர்களைத் தெரியும். வண்டி ஜாக்கியில் ஏறி நிற்கும் நேரத்தில் சும்மா உட்கார முடியாமல் நீங்கள் போட்டுக்கொள்ளும் சண்டைகளையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். ஹூண்டாய் ஐ20 என் லைன் கோஷ்டி ஒரு பக்கம். டாடா ஆல்ட்ராஸ் ரேசர் கோஷ்டி மறு பக்கம். உற்பத்தி நின்ற பிறகும் வோக்ஸ்வாகன் போலோ ஜிடியை விட்டுக்கொடுக்காத மூத்த கோஷ்டி நடுவில். சிங்கப்பூரிலும் துபாயிலும் சம்பாதித்துத் திரும்பியவர், பெங்களூரு ஐடி கம்பெனியிலிருந்து சனிக்கிழமை மட்டும் ஊருக்கு வருபவர், அப்பாவின் மக்காச்சோள வியாபாரத்தில் கை வைத்துப் புக்கிங் போடப் பார்ப்பவர் என்று எல்லா வகையினரும் எல்லாக் கோஷ்டியிலும் இருக்கிறீர்கள்.

கடைசியில் எல்லோரும் என்னிடம்தான் திரும்புகிறீர்கள்: “அண்ணே, நீங்க சொல்லுங்க. எது பெஸ்ட்டு?” கடையில் வைத்துப் பதில் சொன்னால் ஒரு கோஷ்டியின் வியாபாரம் போய்விடும். அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். கோபம் வந்தால் எல்லோருக்கும் சமமாக வரட்டும்.

முதலில் சண்டையின் அளவைப் பார்ப்போம். 2021இல் வந்த ஐ20 என் லைனில் இருப்பது 1 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். 120 பிஎஸ் சக்தி, 172 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. 2024 ஜூனில் வந்த ஆல்ட்ராஸ் ரேசரில் இருப்பது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல். அதே 120 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர். சக்தியில் வித்தியாசம் சுழியம், முறுக்கு விசையில் இரண்டு. இந்த இரண்டு நியூட்டன் மீட்டருக்காக ஒரே தெருவில் வளர்ந்த இருவர் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் இருந்ததை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் துறைமங்கலம். ஒருவர் பேச்சை ஒருவர் காதில் வாங்காமல் என் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா என்றால், இல்லை. உண்மையான வேறுபாடுகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் சண்டை போடும் இடத்தில் இல்லை. என் லைனில் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கிடைக்கும், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ரேசரில் ஆறு கியர் மேனுவல் மட்டும். இடது காலுக்கு ஓய்வு கிடையாது. மோதல் சோதனையில் ஆல்ட்ராஸ் 2020இல் குளோபல் என்கேப்பிடம் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஐ20 2022இல் வாங்கியது மூன்று. அப்போது சோதித்த வண்டியில் இரண்டே ஏர்பேக். 2023இல்தான் எல்லா ஐ20இலும் ஆறு ஏர்பேக் வந்தது. வாங்கும்போது எந்த ஆண்டு வண்டி, எத்தனை பை என்று பார்ப்பது முக்கியம், அதிலும் செகண்ட் ஹேண்ட் வாங்கினால். இதையெல்லாம் வைத்து நீங்கள் வாதாடிக் கேட்டதில்லை. “எங்க கம்பெனி”, “உங்க கம்பெனி” என்றுதான் கேட்டிருக்கிறேன்.

நடிகர் அஜித் குமார் தன் ரசிகர் மன்றங்களை 2011இல் கலைத்தார். இன்று கார்ப் பந்தயத்தில் அணி வைத்து ஓட்டுகிறார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி போர்ஷே காரில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது நம் ஊரில் யார் யார் பட்டாசு வெடித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மன்றத்தைக் கலைத்தவரின் ரசிகர்களே கார்க் கம்பெனிக்கு மன்றம் வைத்து நடத்துவதுதான் எனக்குப் புரியவில்லை. அதிலும் அந்தக் கம்பெனிகளுக்குள் என்ன உறவு என்று தெரிந்தால் நீங்களே சிரிப்பீர்கள்.

கொஞ்சம் பெரிய பட்ஜெட்காரர்கள் வோக்ஸ்வாகன் விர்ட்டஸா, ஸ்கோடா ஸ்லாவியாவா என்று மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டும் 2022இல் வந்தவை. இரண்டும் புனேவுக்குப் பக்கத்தில் சாக்கனில் ஒரே ஆலையில், ஒரே அடித்தளத்தின் மேல் எழுந்தவை. இரண்டிலும் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் ஒன்றே. 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். முகமும் இருக்கைத் துணியும் மாறும், சஸ்பென்ஷனில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். ஹூண்டாய் வெர்னா டர்போவின் 160 பிஎஸ் எஞ்சினும் கியா செல்டாஸின் எஞ்சினும் அப்படித்தான், ஒரே குடும்பம். நம் இரண்டு மாவட்டமும் சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007இல் மீண்டும் பிரிந்தன. அதற்காக அரியலூர்க்காரனுக்கும் பெரம்பலூர்க்காரனுக்கும் ரத்தம் மாறிவிட்டதா?

அடுத்தது பந்தயப் பெருமை. 2024இல் தியரி நூவில் உலக ராலி சாம்பியன் ஆனது ஹூண்டாய் ஐ20 என் காரில்தான். ஆனால் அந்த வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் இழுவிசை, குழாய்களால் கட்டிய கூடு, ஹைபிரிட் எஞ்சின், 500 குதிரைச் சக்தியைத் தொடும் பலம். ஷோரூமில் நிற்கும் ஐ20க்கும் அதற்கும் பேரும் சாயலும் மட்டுமே பொது. ஐரோப்பாவில் சாலையில் ஓட்ட விற்ற ஐ20 என் காரே 1.6 லிட்டர், 204 பிஎஸ். நமக்கு வந்தது ‘என்’ இல்லை, ‘என் லைன்’. அந்த ஒரு சொல்லில் 84 பிஎஸ் காணாமல் போகிறது. இது கம்பெனி செய்த மோசடி இல்லை. சட்டையில் எழுதியதைப் பார்த்து ஆளின் பலத்தைக் கணக்குப் போட்டது நம் வேலை.

உலகம் முழுக்க இந்தச் சண்டை நடந்திருக்கிறது. அதில் பெரியது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனுக்கும் சுபாரு இம்ப்ரெஸாவுக்கும் நடந்தது. 1995இல் காலின் மெக்ரே சுபாருவில் உலக ராலி சாம்பியன். அடுத்து 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை டாமி மாக்கினென் மிட்சுபிஷியில் சாம்பியன். அதே காலத்தில்தான், 1998இல், நம் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் சாதாரண லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் லான்சருக்கு வெறிபிடித்த ஒரு தலைமுறையே உருவானது. உங்கள் மாமா சித்தப்பாக்களைக் கேட்டுப் பாருங்கள். பிறகு என்ன நடந்தது? மெக்ரே 1999இல் ஃபோர்டுக்குப் போனார். மாக்கினென் 2002இல் எந்தச் சுபாருவைத் தோற்கடித்துப் பேர் வாங்கினாரோ அதே சுபாருவில் ஏறி மான்டி கார்லோ ராலியை வென்றார். பின்னாளில் டொயோட்டாவின் ராலி அணியை நடத்தினார். ஓட்டியவர்கள் சம்பளமும் வண்டியும் எங்கே நன்றாக இருந்ததோ அங்கே போய்விட்டார்கள். ரசிகர்கள் மட்டும் பழைய இடத்திலேயே நின்று அடித்துக்கொண்டார்கள். இன்று எவல்யூஷனும் இல்லை, சுபாருவின் டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐயும் இல்லை; இரண்டு கம்பெனியுமே உற்பத்தியை நிறுத்திவிட்டன.

நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சென்னைக்குப் போகும்போது மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையைத் தாண்டாத ஆள் உங்களில் யாரும் இல்லை. ஸ்டீயரிங் பிடித்தால் ஃபோர்டுதான் பிடிக்க வேண்டும் என்று சத்தியம் செய்தவர்கள் எத்தனை பேர்! 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. மறைமலை நகரில் 2022இல் கடைசி வண்டி இறங்கியது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று சொன்னார்கள். ஆனால் அந்த வண்டியை விற்கப் போனவருக்குச் சந்தை கொடுத்த விலை வேறு கதை சொல்லியது. செவர்லே 2017இல் விற்பனையை முடித்துக்கொண்டது. 145 குதிரைச் சக்தியோடு 2015இல் ஆரவாரமாக வந்த ஃபியட் அபார்த் புன்டோவைத் தேடி இன்று எங்கே போவீர்கள்? போலோவின் இந்திய உற்பத்தியும் 2022இல் முடிந்தது. கம்பெனி தன் லாப நட்டத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது. அதில் தப்பில்லை. நீங்களும் அதே மாதிரி முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பிராண்டு விசுவாசமே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். விசுவாசம் எப்படி இருக்க வேண்டும் என்று அரியலூரின் டிப்பர் முதலாளிகளிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன். டான்செம், டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று சுற்றிலும் சிமென்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவே ராப்பகலாக லாரி ஓடுகிற ஊர் அது. அங்கேயும் டாடாக்காரர், லேலண்டுகாரர் என்று இரண்டு கட்சி பரம்பரையாக உண்டு. ஆனால் ஒரு லேலண்டுகாரரிடம் “ஏன் லேலண்டு?” என்று கேளுங்கள். லோடுக்கு எத்தனை லிட்டர் டீசல், கிளட்ச் பிளேட் எத்தனை மாதம், ராத்திரி பிரேக்டவுன் ஆனால் எந்த மெக்கானிக் வருவார், பழைய வண்டி என்ன விலைக்குப் போகும் என்று நோட்டைத் திறந்து பதில் சொல்வார். கண்காட்சியில் பார்த்தேன், அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டார். 2012இல் ஒரகடத்திலிருந்து பாரத்பென்ஸ் வந்தபோது அவர்கள் கொடி பிடிக்கவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. ஒன்றை வாங்கி ஓட்டிப் பார், கணக்குச் சரியாக வந்தால் இரண்டாவது வாங்கு என்பதுதான் அவர்கள் வழி. அந்த விசுவாசத்தை ஒவ்வொரு லோடும் புதுப்பிக்கிறது. கணக்கு உதைத்தால் அன்றைக்கே முடிகிறது. உங்களில் பாதிப்பேர் அந்த முதலாளிகளின் பிள்ளைகள். அப்பா லாரிக்குக் கேட்கிற கேள்விகளைப் பிள்ளை காருக்குக் கேட்பதில்லை.

என்ன கேட்க வேண்டும்? என் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ20 என் லைனின் டயர் அளவு 195/55 ஆர்16. 195 மில்லிமீட்டர் அகலம். அதில் 55 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது சுமார் 107 மில்லிமீட்டர். இப்படிக் குட்டையான பக்கச் சுவர் வளைவில் வண்டியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தில் இறங்கினால் அடியை நேராக ரிம்முக்குக் கொடுக்கும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையில் எந்த வாரம் எங்கே பள்ளம் விழும் என்று எனக்கே தெரியாது. செந்துறைப் பக்கம் டிப்பர் சிந்திய கல், ஊருக்கு ஊர் வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை, அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை அடைத்துக் காயும் மக்காச்சோளம். பக்கச் சுவர் வீங்கிய டயரோடு என் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் பார்வைக்காக இன்னும் பெரிய அலாய் மாட்டி, இன்னும் குட்டையான டயர் போட்டவர்கள். கம்பெனி கொடுத்த அளவை மாற்றாதீர்கள். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தாதீர்கள். டயரின் உள்ளோரப் பட்டன் மட்டும் மழித்த மாதிரி தேய்ந்து வரும். சைலன்சரையும் உடம்பையும் இஷ்டத்துக்கு மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. செகண்ட் ஹேண்ட் போலோ பார்க்கப் போகிறவர்கள் மீட்டரைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். குறைவாக ஓடிய வண்டி என்று சொல்லி விற்பவரின் டயரில் பழைய ஆண்டு இருந்து, பட்டனும் 1.6 மில்லிமீட்டர் தேய்மானக் கோட்டைத் தொட்டிருந்தால், விலையைக் குறைக்க உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. டயர் விஷயத்தில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு: நாரணமங்கலத்தில் ஆலை வைத்திருக்கும் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் அணிக்காக எஃப்ரென் யாரெனா 2022இல் ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார், ஸ்கோடா காரில். அதற்கு முன் கௌரவ் கில் ஆசிய பசிபிக் ராலிப் பட்டம் வாங்கியதும் அதே நிறுவன அணிக்குத்தான். ஊர்ப் பெருமை பேச ஆசைப்படுகிறவர்கள் இதைப் பேசலாம். ஆனால் அதற்காகவும் கண்ணை மூடிக்கொண்டு டயர் வாங்காதீர்கள். உங்கள் வண்டிக்கு எது சரி என்று கேட்டு வாங்குங்கள். இதைச் சொல்வது டயர் விற்பவன்.

அடுத்து பிரேக். திருமாந்துறை டோல் தாண்டியதும் உங்கள் வலது கால் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆனால், அந்த ஒரு நொடியிலேயே வண்டி 28 மீட்டர் ஓடியிருக்கும். நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால், முழுக்க நிற்க மொத்தம் சுமார் 80 மீட்டர் வேண்டும். அதுவே 140 வேகம் என்றால் சுமார் 140 மீட்டர். வேகம் கூடியது ஒன்றரை மடங்குக்கும் குறைவு, நிற்கத் தேவையான தூரம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. ஐ20ஆக இருந்தாலும் ஆல்ட்ராஸாக இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. சிறுவாச்சூரில் கோயிலுக்கு வந்த பாட்டி சாலையைக் கடக்கும்போது உங்கள் கிரில்லில் எந்தச் சின்னம் இருக்கிறது என்று பார்த்துக் கடப்பதில்லை.

பிறகு வரி. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. என் லைனும் ரேசரும் இந்தக் கோட்டுக்குள் அடங்கும். 1.5 லிட்டர் விர்ட்டஸும் ஸ்லாவியாவும் வெர்னாவும் வெளியே. தவணைக் கணக்குப் போடுபவருக்குக் கம்பெனிச் சின்னத்தை விட இந்தக் கோடு முக்கியம்.

கடைசியாக, சர்வீஸ். நீங்கள் விரும்பும் வண்டிக்குப் பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஆள் இருக்கிறாரா, இல்லை ஒவ்வொரு தடவையும் திருச்சிக்கு ஓட வேண்டுமா? இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் கோளாறு என்றால் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார்? என் லைனின் உலர் இரட்டைக் கிளட்சுக்கு ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசல் ஆகாது, சூடு ஏறும். பெங்களூரில் தினமும் ஓட்டப் போகிறவருக்கு அது பெரிய கேள்வி. நம் ஊர் மூன்று ரோடு சந்திப்பில் மட்டும் நெரிசலைப் பார்ப்பவருக்குச் சின்னக் கேள்வி. இப்படி ஒரே வண்டி ஒருவருக்குச் சரியாகவும் அடுத்தவருக்குத் தப்பாகவும் இருக்கும். “எது பெஸ்ட்டு?” என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூம்காரர் காட்டும் நான்குவழிச் சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பாதீர்கள். அங்கே எல்லா டர்போவும் இனிக்கும். மத்தியான வெயிலில், ஏசியை முழுசாக வைத்து, அப்பா அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, அரியலூர் ரோட்டில் ஒரு டிப்பருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, மூன்றாவது கியரில் எட்டிப் பார்த்து ஓவர்டேக் எடுக்கும்போது வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். டர்போ விழிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, வேகத்தடையில் அடி தட்டுகிறதா, பின் சீட்டில் அம்மா என்ன சொல்கிறார், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பிறகு எதிர்க் கோஷ்டியின் வண்டியையும் அதே சாலையில், அதே வெயிலில், அதே ஆட்களோடு ஓட்டுங்கள். அப்போதும் உங்கள் பழைய கம்பெனிதான் மேல் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். அந்த விசுவாசம் ஓட்டிப் பார்த்துச் சம்பாதித்தது.

நிஜமாகவே வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. உங்கள் ஐ20 பிறந்த ஆலைக்குப் பக்கத்திலேயே. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஹெல்மெட்டும் ஆம்புலன்ஸும் பயிற்சியாளரும் இருக்கும் இடத்தில் ஓட்டிப் பார்த்தால், 120 பிஎஸ் காரில் எவ்வளவு பலம் இருக்கிறது, அதை முழுசாகப் பயன்படுத்த உங்களுக்கு எவ்வளவு தெரியவில்லை என்பது இரண்டும் ஒரே நாளில் புரிந்துவிடும். அதன் பிறகு அந்த இரண்டு நியூட்டன் மீட்டரைப் பற்றி நீங்கள் பேச மாட்டீர்கள் என்பது என் கணிப்பு.

வண்டி எடுத்ததும் கடைப் பக்கம் வாருங்கள். எந்தக் கோஷ்டியாக இருந்தாலும் காற்று இலவசம். சண்டையை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வேலை நடக்கிறது.

அன்புடன்,
உங்கள் டயர்க்கடை அண்ணன்,
பெரம்பலூர்